வேப்பைக் கைவிட நிகோடின் பவுச் கைகொடுக்குமா?



காடாம்புலியூரிலிருந்து ஒரு சகோதரி நமக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். சென்னையில் கல்லூரியில் படிக்கும் மகன் வேப் பிடித்துக் கொண்டிருந்தானாம். விஷயம் வீட்டுக்குத் தெரிந்து, அத்தா கண்டித்து, அவனும் நிறுத்திவிட்டதாகச் சொல்லிவிட்டான். ஆனால் விடுமுறைக்கு வந்தபோது மேல் உதட்டுக்குள் வெள்ளையாக ஒரு சிறு பையை ஒதுக்கி வைத்திருப்பதை அம்மா பார்த்துவிட்டார். கேட்டதற்கு, "இதில் புகையிலையே இல்லை, வேப்பை விடுவதற்கான மருந்து இது" என்று சொல்லியிருக்கிறான். நம்பலாமா என்பதுதான் சகோதரியின் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அவன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பையில் புகையிலை இல்லை என்பது சரியாக இருக்கலாம். ஆனால் அது வேப்பை விடுவதற்கான மருந்து என்பது நிரூபிக்கப்படவில்லை. அதற்காக மகன் வேண்டுமென்றே ஏமாற்றுகிறான் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். விற்பவர்கள் அப்படித்தான் சொல்லி விற்கிறார்கள், வாலிபர்கள் பலரும் அதை உண்மையாகவே நம்பி வாங்குகிறார்கள்.

கூல் லிப்பும் இதுவும் ஒன்றா?

நம் பகுதி மக்களுக்கு உதட்டுக்குள் வைக்கும் பை புதிதல்ல. பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையில் உள்ள எந்த ஊரில் கேட்டாலும் கூல் லிப் என்ற பெயரைத் தெரியாத பெற்றோர் குறைவு. அது புகையிலைத் தூளைச் சிறு வடிகட்டிப் பையில் அடைத்து விற்பது. 2024 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், கூல் லிப் விற்றதாகக் கைதானவர்களின் ஜாமீன் மனுக்கள் விசாரணைக்கு வந்தன. பள்ளி மாணவர்கள் இதற்கு அடிமையாகி வருவதைக் கவலையோடு சுட்டிக்காட்டிய நீதிபதி பரத சக்கரவர்த்தி, இதை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்டார். மெல்லும் புகையிலையும் குட்காவும் தமிழ்நாட்டில் 2013 முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டவை. தடையை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. பொருள் மட்டும் பெட்டிக்கடையை விட்டுப் போகவில்லை.

நிகோடின் பவுச் என்பது வேறு பொருள். பார்வைக்கு கூல் லிப்பின் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே புகையிலை இலைக்குப் பதிலாக, இலையிலிருந்து பிரித்தெடுத்த அல்லது ஆய்வகத்தில் தயாரித்த நிகோடின் உப்பு இருக்கும். அதோடு தாவர நார், இனிப்பு, புதினா அல்லது பழ வாசனை, நிகோடின் ஈறு வழியாகச் சீக்கிரம் இறங்குவதற்காகச் சேர்க்கும் கார உப்பு. ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவில் அரை மணி நேரம் போல வைத்திருந்து துப்பிவிடுவார்கள். வட்டமான பிளாஸ்டிக் டப்பாவில் 15, 20 என்று அடுக்கி வரும். ஒரு பையில் 3 மில்லிகிராம், 6 மில்லிகிராம் என்று தொடங்கி, சில தயாரிப்புகளில் 20 மில்லிகிராமையும் தாண்டி நிகோடின் இருக்கிறது.

புகையிலை இல்லை என்பதால் வாய்ப் புற்றுநோய்க்குப் பேர் போன பல நச்சுகள் இதில் மிகக் குறைவு. இதை மறுப்பதில் அர்த்தமில்லை. பீடி, சிகரெட், கூல் லிப் எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் இதன் கெடுதி குறைவாகத்தான் இருக்கும். ஆனால் மனிதனை அடிமையாக்குவது நிகோடின்தான். அதை எடுத்துவிட்டால் இந்தப் பையில் விற்பதற்கு எதுவுமே இல்லை.

வேப்பிலிருந்து பைக்கு மாறும்போது

வேப்பை இழுத்தால் நிகோடின் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து சில நொடிகளில் மூளையைத் தொடுகிறது. அந்த வேகம்தான் வேப்பின் பிடி. பவுச்சில் அதே நிகோடின் ஈறு வழியாக மெதுவாக இறங்குகிறது. ரத்தத்தில் அதன் உச்ச அளவு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். எனவே வேப்புக்குப் பழகியவனுக்குப் பவுச் முதலில் சப்பென்று இருக்கும். அப்போது அவன் செய்வது இரண்டில் ஒன்று. 3 மில்லிகிராமை விட்டு 6க்கும் 10க்கும் ஏறுவான். அல்லது வேப் பிடிக்க முடியாத இடங்களில் பவுச்சும், முடிகிற இடங்களில் வேப்பும் என்று இரண்டையும் வைத்துக் கொள்வான்.

இந்த இரண்டாவது நிலைதான் நமக்கு அதிகக் கவலை தருகிறது. சிகரெட் பிடித்தவனை அவன் சட்டை காட்டிக் கொடுத்தது. வேப்பை அதன் பழ வாசனை காட்டிக் கொடுத்தது. பவுச்சைக் காட்டிக் கொடுக்க ஒன்றுமே இல்லை. வகுப்பறை, பேருந்து, அலுவலகம், வீட்டுச் சாப்பாட்டு மேசை, ஏன், ஜும்ஆ பயானில் உட்கார்ந்திருக்கும்போதுகூட ஒருவர் அதை வாயில் வைத்திருக்க முடியும். முன்பெல்லாம் ஒரு நாளில் நிகோடின் இல்லாத சில மணி நேரங்களாவது கட்டாயமாகக் கிடைத்து வந்தன. பவுச் அந்த இடைவெளிகளையும் நிரப்பிவிடுகிறது. வேப் குறைந்ததாகத் தோன்றும்; உடம்பில் ஏறும் நிகோடின் கூடியிருக்கும்.

முழுவதுமாக மாறிவிட்டவருக்கு நுரையீரல் தப்பிக்கிறது என்பது உண்மைதான். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுவது, ஈறு புண்ணாவது, விக்கல், குமட்டல் ஆகியவை தொடரலாம். இந்தப் பொருள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததே 2014இல்தான். இருபது, முப்பது வருடம் பயன்படுத்தியவர் என்று உலகில் யாரும் இல்லை. எனவே நீண்ட காலத்தில் என்ன செய்யும் என்று இன்று உறுதி கூறுபவர் விற்பனையாளராக மட்டுமே இருக்க முடியும்.

வெளிநாடுகளில் அனுமதித்திருக்கிறார்களே?

இந்தக் கேள்வி வளைகுடாவில் இருக்கும் சகோதரர்களிடமிருந்து கட்டாயம் வரும். சவூதி அரேபியாவில் 2023இல் தொடங்கப்பட்ட பதாஇல் என்ற நிறுவனம் நிகோடின் பவுச் தயாரித்து விற்கிறது. அதன் உரிமையாளர் அந்நாட்டு அரசின் பொது முதலீட்டு நிதியம். அரபியில் பதாஇல் என்றால் 'மாற்றுகள்' என்று பொருள். பெயரிலேயே நோக்கம் தெரிகிறது: சிகரெட் பிடிப்பவர்களை அதிலிருந்து மாற்றுவது. சவூதி அரசே விற்கிறது என்பதால் இது மார்க்கத்திலும் மருத்துவத்திலும் சரி என்று ஊருக்கு வாங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாட்டின் பொது சுகாதாரக் கணக்கு வேறு, மார்க்கத் தீர்ப்பு வேறு. அந்தக் கணக்கும் ஏற்கனவே புகைப்பவருக்காகப் போடப்பட்டது.

அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் ஸின் என்ற பிராண்டின் 20 தயாரிப்புகளுக்கு விற்பனை அனுமதி கொடுத்தது. அதே அறிவிப்பில், இந்த அனுமதியால் இவை பாதுகாப்பானவை என்று ஆகிவிடாது என்றும் அது சொல்லியது. புகைப்பதை நிறுத்தும் மருந்தாக அது அங்கீகரிக்கப்படவில்லை.

கனடாவின் அனுபவம் இன்னும் பாடமானது. அங்கே 2023இல் 4 மில்லிகிராம் பவுச் ஒன்றை, சிகரெட்டை நிறுத்த உதவும் பொருளாகவே அரசு அங்கீகரித்தது. உடனே அது பழ வாசனைகளோடு சாதாரணக் கடைகளில் அடுக்கப்பட்டது. புகைக்காத இளைஞர்கள் கையில் போய்ச் சேரும் என்ற கூச்சல் எழுந்தது. 2024 ஆகஸ்டில் அரசு இறங்கி வந்து, மருந்தகத்தில் கவுன்ட்டருக்குப் பின்னால் வைத்துத்தான் விற்க வேண்டும், புதினா வகை தவிர வேறு சுவை கூடாது என்று உத்தரவு போட்டது. நிறுத்துவதற்கான பொருள் என்று அங்கீகாரம் கொடுத்த நாடே ஒரு வருடத்தில் அதைப் பூட்டி வைக்க நேர்ந்தது.

இவை எல்லாமே சிகரெட்டைப் பற்றிய முடிவுகள் என்பதைக் கவனியுங்கள். வேப் பிடிப்பவர் பவுச்சுக்கு மாறி, பிறகு பவுச்சையும் விட்டு, நிகோடினே இல்லாமல் வெளியே வந்தாரா என்பதைச் சரியாகச் சோதித்த பெரிய ஆய்வு எதுவும் கையில் இல்லை. வேலை செய்யாது என்று நிரூபணம் ஆகிவிட்டதாக நாம் சொல்லவில்லை. வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லாமலேயே மருந்து என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்கிறோம்.

ஆதாரம் உள்ள வழி வேறு இருக்கிறது. வரெனிக்லின் என்ற மாத்திரையை வைத்து அமெரிக்காவில் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 261 வேப் பழக்கத்தினரிடம் சோதித்தார்கள். முடிவு 2025இல் வெளியானது. 12 வார சிகிச்சையின் கடைசி நான்கு வாரங்கள் வேப்பைத் தொடாமல் இருந்தவர்கள், மாத்திரை சாப்பிட்டவர்களில் 51 சதவீதம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 14 சதவீதம். ஆறு மாதம் வரை தாக்குப்பிடித்தவர்கள் 28 சதவீதமும் 7 சதவீதமும். மாத்திரை சாப்பிட்ட இந்த இரு பிரிவினருக்கும் வாராவாரம் ஆலோசனையும் கொடுக்கப்பட்டது. மாத்திரை கிடைத்தும் பத்தில் ஏழு பேரால் ஆறு மாதம் வரை வேப்பைத் தொடாமல் இருக்க முடியவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நிகோடினின் பிடி அவ்வளவு இறுக்கமானது. பிள்ளையை ஒரு முறை அதட்டிவிட்டு, அவன் விட்டுவிட்டான் என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. வரெனிக்லின் இந்தியாவிலும் மருத்துவர் சீட்டின் பேரில் கிடைக்கிறது. தானாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரை அல்ல அது.

சட்ட பயமும் ஊர் பயமும்

வேப் நம் நாட்டில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து, அந்த டிசம்பரில் மின்சிகரெட் தடைச் சட்டமாக ஆனது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றுக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்திருப்பதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். துபாயிலிருந்து வரும் மாமா மச்சான் பெட்டியில் "ஒன்றே ஒன்றுதானே" என்று எடுத்து வருவதும் இந்தத் தடைக்குள்தான் வருகிறது. பவுச்சில் மின்கருவி எதுவும் இல்லாததால் அந்தச் சட்டம் அதைப் பெயர் சொல்லித் தொடவில்லை. ஆனால் எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிகோடினோ சேர்க்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதிமுறை 2011 முதலே சொல்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகள் ஒன்றை மறந்துவிடக் கூடாது: அங்கே வேப்போடு பவுச்சும் தடைதான்.

சட்டத்தைச் சொல்வது குடும்பங்களைப் பயமுறுத்துவதற்காக அல்ல. பல பெற்றோர், பிள்ளையை மருத்துவரிடம் கூட்டிப் போனால் போலீஸ் வரை போகுமோ என்று அஞ்சுகிறார்கள். வேப் பழக்கம் இருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லி சிகிச்சை கேட்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை.

அதைவிடப் பெரிய பயம் மஹல்லா பயம். விஷயம் வெளியே தெரிந்தால் நாளைக்குப் பெண் தருவார்களா, ஜமாஅத்தில் தலை நிமிர முடியுமா என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பயத்தில் நாம் பிள்ளையிடம் கேட்பது "விடு" என்பதை அல்ல, "தெரியாமல் பார்த்துக்கொள்" என்பதை. தெரியாமல் பார்த்துக்கொள்ள அவனுக்குச் சந்தையில் கிடைக்கும் மிகச் சிறந்த பொருள் இந்தப் பவுச். நம் வீடுகளில் இது நுழைய நாமே வழி விடுகிறோமோ என்று தோன்றுகிறது.

மார்க்க ரீதியாக, புகைப்பதை ஹராம் என்று சொல்லும் ஆலிம்கள் அல்பகறா அத்தியாயத்தின் 195ஆம் வசனத்தையும் அந்நிஸா 29ஆம் வசனத்தையும் எடுத்துக்காட்டி, தன்னைத் தானே அழிவில் தள்ளிக்கொள்வது கூடாது என்று விளக்குகிறார்கள். மக்ரூஹ் என்று சொல்பவர்களும் உண்டு. இன்பத்துக்காக வேப் பிடிப்பதற்குச் சொல்லும் அதே காரணம் இன்பத்துக்காகப் பவுச் வைப்பதற்கும் பொருந்துகிறது. மருத்துவர் மேற்பார்வையில், இத்தனை வாரத்தில் முடிப்பேன் என்று அளவு குறைத்து எடுக்கும் சிகிச்சையை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதில்லை. ஐயம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் பொருளை மறைக்காமல் காட்டிக் கேளுங்கள்.

சரி, மகனுக்கு என்ன செய்யலாம்?

முதலில் கோபத்தை ஒதுக்கி ஒரு கேள்வி கேளுங்கள்: காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் முறை தேடுகிறான்? அரை மணி நேரத்துக்குள் என்றால் பிடி இறுகியிருக்கிறது என்று அர்த்தம். வெறும் மனஉறுதியை நம்பி அவனைத் தனியாக விட்டுவிடக் கூடாது.

பவுச் மட்டும் வைத்துக்கொண்டு வேப்பை உண்மையிலேயே விட்டுவிட்டான் என்றால், மறுபடி வேப்புக்கு ஓடும்படி பவுச்சை ஒரே நாளில் பிடுங்கி எறிய வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை மில்லிகிராம் என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். வாரத்துக்கு வாரம் எண்ணிக்கையும் அளவும் குறைந்து, நிறுத்தும் தேதி ஒன்று காலண்டரில் இருக்க வேண்டும். தேதி இல்லாத மாற்று, மாற்றே இல்லை. இதெல்லாம் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்வது. 18 வயதுக்குக் கீழே என்றால் பவுச் எந்த வகையிலும் வேண்டாம், நேரே மருத்துவர்தான்.

நிகோடின் வேண்டும்தான் என்றால் அதற்கென்றே சோதித்து வந்த நிகோடின் சூயிங்கம், வில்லை, தோலில் ஒட்டும் பட்டை ஆகியவை இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2009லேயே இவற்றில் சூயிங்கத்தையும் பட்டையையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இவையும் சிகரெட்டுக்காகச் சோதிக்கப்பட்டவைதான். வேப்புக்கு இவற்றின் ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை. ஆனால் அளவு தெரியும், குறைத்து முடிக்கும் முறை தெரியும், பல வருட அனுபவம் இருக்கிறது. வாங்கும் பொருள் மருந்தா இல்லையா என்று பார்க்க எளிய வழி, அட்டையில் மருந்து உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று படிப்பது.

சூயிங்கத்தைப் பலர் தப்பாக மென்றுவிட்டு, பலனில்லை என்கிறார்கள். சாதாரண சூயிங்கம் போல விடாமல் மெல்லக் கூடாது. காரமாகச் சுர்ரென்று உறைக்கும் வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். உறைப்பு அடங்கினால் மறுபடி நாலு மெல். இப்படி அரை மணி நேரம். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து டீ, காபி, ஜூஸ் கூடாது. அவற்றின் புளிப்பு நிகோடினை உள்ளே இறங்க விடாது. நம் ஊரில் டீ இல்லாமல் இதைச் சமாளிப்பதுதான் பலருக்குப் பெரிய சோதனை!

பேச ஆள் வேண்டுமென்றால் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800 11 2356 கட்டணமில்லாதது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மையம் வழியாகத் தமிழிலும் பேசுகிறார்கள். பல் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் புகையிலை நிறுத்த மையங்கள் இருக்கின்றன. பல்லைக் காட்டப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே போகலாம் என்பதால், ஊர்ப் பேச்சுக்கு அஞ்சும் குடும்பங்களுக்கு அது ஒரு வசதி.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. மிட்டாய் வாசனையோடு இருக்கும் இந்தப் பைகளைக் குழந்தைகள் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார்கள். அமெரிக்க நச்சு உதவி மையங்களின் பதிவுகளின்படி, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நிகோடின் பவுச்சை விழுங்கும் விகிதம் 2020க்கும் 2023க்கும் இடையில் 763 சதவீதம் உயர்ந்தது. துப்பிய பையிலும் நிகோடின் மிச்சம் இருக்கும். குழந்தை வாந்தி எடுத்து, வெளிறி, சோர்ந்துபோனால் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நோன்பு காலத்தில்

நிகோடினை விடும்போது வரும் எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் ஆகியவை முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ரமளான் மாதத்தின் நீளமும் ஏறக்குறைய அதுதான். நம் பகுதியில் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் நோன்பு இருக்கும் வாலிபன், விட முடியாது என்று தான் நினைத்ததைத் தினமும் விட்டுக் காட்டுகிறான். பிரச்சினை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில்தான். தராவீஹ் முடிந்து நண்பர்களோடு நிற்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் பகல் முழுக்கச் சேர்த்தது கரைந்து போகிறது. அந்த நேரத்தில் அத்தாவோ அண்ணனோ கூட நின்றால், ஏன் நிற்கிறோம் என்று சொல்லாமலே நின்றால், பெரிய உதவி.

நோன்பு வைத்துக்கொண்டு பவுச்சோ நிகோடின் சூயிங்கமோ வாயில் வைக்க முடியாது. கரைந்த பொருள் எச்சிலோடு உள்ளே போவதால் நோன்பு முறிந்துவிடும். தோலில் ஒட்டும் பட்டையின் நிலை வேறு. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் பத்தாவது அமர்வு, தோல் வழியாக உடலில் சேரும் மருந்துப் பட்டைகளை நோன்பை முறிக்காதவற்றின் பட்டியலில் சேர்த்தது. எனவே ரமளானில் விட நினைப்பவர் ஷஃபானிலேயே மருத்துவரைப் பார்த்து, பகலுக்குப் பட்டை, இஃப்தாருக்குப் பிறகு தேவைப்பட்டால் சூயிங்கம் என்று கேட்டு முடிவு செய்துகொள்ளலாம். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் சொல்லாமல் இவை எதையும் தொடக் கூடாது.